ஒற்றை லாரியும் ஓராண்டு அனுமதியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றும் லாரி, பைபாஸ் பிடித்துப் புழல், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாகப் போனால் அறுபது கிலோமீட்டருக்குள் ஆந்திர எல்லையைத் தொட்டுவிடும். ஆவடியிலிருந்து ஊத்துக்கோட்டைப் பாதையில் போனால் எல்லை இன்னும் பக்கம். அதே லாரி தெற்கே திண்டுக்கல் வரை நானூறு கிலோமீட்டர் ஓடினாலும் தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கும். திண்டுக்கல் போக மாநில பர்மிட் போதும். தடா தாண்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் சரக்கை இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவருக்கோ, கவுகாத்திக்கும் லூதியானாவுக்கும் ஓடுகிற வண்டிக்குத் தேவைப்படும் அதே நேஷனல் பர்மிட் தேவைப்படுகிறது. கட்டணமும் அதேதான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வி அன்றாடப் பிழைப்பைத் தொடுகிறது. பாடியிலிருந்து ஆவடி வரை வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் வரிசையாக நிற்கின்றன. பூந்தமல்லிக்கு அப்பால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலை நெடுகக் கிடங்குகள். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை இவை எல்லாவற்றையும் வடக்கு எல்லையோடும் துறைமுகங்களோடும் கோத்துவிட்டது. பூந்தமல்லியின் டி.என். 12, அம்பத்தூரின் டி.என். 13 எண் தாங்கிய சரக்கு வண்டிகளில் ஒருவரே முதலாளியும் டிரைவருமாக இருப்பவையும் ஓடுகின்றன. லாரித் தொழில் என்றால் நாமக்கல், சங்ககிரி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அங்கே சங்கமும் பட்டறையும் கணக்குப்பிள்ளையும் தொழிலைத் தாங்கி நிற்கிறார்கள். புறநகரின் ஒற்றை வண்டிக்காரருக்கு அப்படிப்பட்ட தாங்கல் குறைவு. தாள் வேலை முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது.

நேஷனல் பர்மிட் என்று பேச்சில் ஒன்றாகச் சொன்னாலும், அதற்குள் இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 81-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு செல்லும் பர்மிட். இன்னொன்று, அந்த வண்டி சொந்த மாநிலத்துக்கு வெளியே ஓடலாம் என்ற அங்கீகாரம், அதாவது ஆத்தரைசேஷன். இதன் ஆயுள் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் போகாது. ‘என்.பி. கட்டணும்’ என்று லாரிக்காரர்கள் சொல்வது இந்த ஆண்டுத் தொகையைத்தான். ஒருங்கிணைந்த கட்டணம் 16,500 ரூபாய், சொந்த மாநிலத்துக்கான அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாய், ஆக மொத்தம் 17,500. முதல் தொகை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சூத்திரப்படி பங்கிடப்படுகிறது. அதைக் கட்டிய வண்டியிடம் வேறு மாநிலம் தனியாகச் சாலை வரி கேட்பதில்லை.

இந்த எளிமைக்குப் பின்னால் நீண்ட இழுபறி உண்டு. 1939-இன் மோட்டார் வாகனச் சட்டத்தில் பர்மிட் என்பது அதைக் கொடுத்த வட்டாரத்துக்கு மட்டும் செல்லும். வேறு வட்டாரத்துக்கோ மாநிலத்துக்கோ போக வேண்டுமென்றால் அங்குள்ள அதிகாரி மேலொப்பமிட வேண்டும். மாநிலங்கள் இரண்டிரண்டாக உட்கார்ந்து, உன் வண்டி இத்தனை, என் வண்டி இத்தனை என்று உடன்பாடு செய்துகொண்டன. இதற்கு வேர் அரசமைப்பிலேயே இருக்கிறது. வாகனங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலில் 57-ஆம் இனம். அந்த வரி எந்தக் கோட்பாட்டின்படி அமைய வேண்டும் என்பது பொதுப்பட்டியலில் 35-ஆம் இனம். வணிகம் நாடெங்கும் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது 301-ஆம் உறுப்பு. மூன்றும் ஒரே சாலையில் எதிரெதிரே வந்தால் யார் வழிவிடுவது?

ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் (ராஜஸ்தான்) நிறுவனத்தின் வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விடை சொன்னது. மாநிலம் சாலை போடுகிறது, பராமரிக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கு ஈடாக வாங்கும் வரி வணிகத்துக்குத் தடை ஆகாது என்பது அந்த விடை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ‘ஈடுசெய் வரி’க் கோட்பாடு நின்றது. 2016 நவம்பரில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் அதைக் கைவிட்டது. வரி என்பதாலேயே அது தடை ஆகிவிடாது, வெளிமாநிலச் சரக்கைப் பாகுபடுத்தினால்தான் கேள்வி எழும் என்று சட்டம் நகர்ந்தது. கோட்பாடு போனாலும் அதன் உள்ளே இருந்த நியாயத்தை நான் விடத் தயாராக இல்லை. சாலையைப் பயன்படுத்துவதற்குத்தான் இந்தத் தொகை என்றால், எவ்வளவு பயன்படுத்தினார் என்பதற்கும் எவ்வளவு கட்டினார் என்பதற்கும் ஏதாவது ஓர் உறவு இருக்க வேண்டும்.

1975-இல் நேஷனல் பர்மிட் திட்டம் வந்தது. முதலில் மாநிலத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரம்பு இருந்தது, பின்னர் அது போயிற்று. 1988-இன் சட்டம் நேஷனல் பர்மிட்டுக்குச் சொல்லும் விளக்கத்தில் இன்றும் பழைய காலத்தின் தடம் தெரிகிறது: இந்தியா முழுவதும், அல்லது சொந்த மாநிலத்தையும் சேர்த்து நான்குக்குக் குறையாத அடுத்தடுத்த மாநிலங்களில் ஓடுவதற்கான அனுமதி. 2010-க்கு முன்னால் லாரிக்காரர் தமக்கு வேண்டிய மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு வங்கி வரைவோலை எடுத்தார். சொந்த மாநிலம் போக மூன்று என்பதால் குறைந்தது 15,000. கூடுதல் மாநிலம் வேண்டுமென்றால் கூடுதல் டிராஃப்ட். புதிய லோடு கிடைக்கிறது, ஆனால் அந்த மாநிலத்துக்கு டிராஃப்ட் எடுக்கவில்லை என்ற நிலை அடிக்கடி வந்தது.

2010 மே மாதம் இந்த முறை போய், 15,000 ரூபாய்க்கு நாடு முழுவதும் என்ற முறை வந்தது. 2012-இல் அது 16,500 ஆயிற்று. பல மாநிலங்களுக்கு ஓடும் வண்டிக்கு இது பெரிய விடுதலைதான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் யாருக்கு விடுதலை என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று மாநிலங்களுக்குக் கட்டிய அதே தொகைக்கு எல்லா மாநிலங்களையும் பெற்றவருக்கு ஆதாயம். பக்கத்து மாநிலம் ஒன்றே போதும் என்றிருந்தவருக்கு எதுவும் மாறவில்லை. பழைய முறையிலும் வேண்டாத இரண்டு மாநிலங்களுக்குச் சேர்த்தே கட்டினார், புதிய முறையில் வேண்டாத அத்தனைக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிமாநிலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 17,500 ரூபாய் என்பது கிலோமீட்டருக்குப் பதினேழரைக் காசு. எல்லை தாண்டி ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் புறநகர் வண்டிக்கு அதுவே மூன்றரை ரூபாய். இருபது மடங்கு. வண்டியின் எடை, வயது, ஓடும் தூரம், முதலாளியின் மற்ற வண்டிகள் எதையும் இந்தக் கட்டணம் கேட்பதில்லை. இதற்கு நேர்மாறாக, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு 66-ஆம் பிரிவின்படி பர்மிட்டே தேவையில்லை. ‘குட்டி யானை’ என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் அந்த வகை. 2018 அக்டோபரிலிருந்து மின்கல வண்டிகளுக்கும் பர்மிட் வேண்டாம். ஆக, குட்டி யானைக்கும் நெடுந்தூர டாரஸுக்கும் நடுவே ஈச்சரும் ஆறு சக்கர லாரியும் வைத்திருப்பவர்தான் இதில் அதிகம் அழுந்துகிறார்.

அமெரிக்காவும் இதே முடிச்சில் சிக்கித்தான் வெளியே வந்தது. அங்கே 1993 வரை, லாரி நுழையும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வண்டிக்கு ஒரு முத்திரை வாங்கி ‘பிங்கோ அட்டை’ என்று அழைக்கப்பட்ட தாளில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். நம் வரைவோலைக் காலத்தின் மறுபதிப்பு. 1991-இன் சட்டம் அதற்கு முடிவு கட்டியது, 2005-இன் சட்டம் ஒருங்கிணைந்த பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதில் கட்டணம் வண்டிக்கு வண்டி வராமல் நிறுவனத்தின் அளவுப்படி படிநிலையாக வருகிறது. இரண்டு வண்டிக்கு மேல் இல்லாதவர் 2025-இல் கட்ட வேண்டியது 46 டாலர். எல்லோருக்கும் ஒரே கெடு, ஆண்டின் கடைசி நாள். வண்டிப் பதிவுக் கட்டணமோ தனியான ஓர் ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஓடிய தூரத்துக்கு ஏற்பப் பிரிகிறது. அங்கும் ஒற்றை வண்டிக்காரருக்கு வேறு பல தாள்களும் வரிகளும் உண்டு. ஆனால் அளவு, தூரம், ஒரே தேதி என்ற மூன்றும் அங்கே கணக்கில் எடுக்கப்படுகின்றன. நம் முறையில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அந்த மூன்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தேதி. 17,500 ரூபாய் லாரிச் செலவில் பெரிய தொகையே அல்ல. 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி, 12 முதல் 20 டன் வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியமே ஜி.எஸ்.டி. நீங்கலாக 35,313 ரூபாய். டீசல், டயர், சுங்கம், மாதத் தவணை எல்லாம் இதைவிடப் பெரியவை. ஆனால் டீசலுக்கு லோடு வந்த அன்று பணம் புரட்டலாம், அனுமதித் தேதி லோடு வரும் நாளைப் பார்த்து வருவதில்லை.

ஒரு வண்டியை மனத்தில் வைத்துப் பார்ப்போம். 2017 மார்ச்சில் பதிவான ஆறு சக்கர லாரி, பின்னொரு ஆகஸ்டில் கைமாறி ஓர் ஓனர் டிரைவரிடம் வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க் கயிற்றுக்கு மேல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் தொங்குகிறது. அதில் ஆர்.சி. புக், பதிவு மார்ச் என்பதால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின் தேதியும் மார்ச். 2018-இன் திருத்தப்படி எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினால் போதும், எட்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும். காப்பீடு ஆகஸ்ட். சாலை வரி காலாண்டுக்கு ஒன்று: ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. ஆந்திராவுக்கு நிலையான லோடு கிடைத்த நவம்பரில் என்.பி. எடுத்ததால் அது நவம்பர். புகைச் சான்று எஞ்சின் தரத்தைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ. ஐந்தாண்டு பர்மிட்டின் முடிவு இன்னொரு மாதம். இதற்கிடையில் மாதாமாதம் ஃபைனான்ஸ் டியூ. ஆர்.சி.யையும் எஃப்.சி.யையும் விட்டால், ஃபைலுக்குள் இருக்கும் எந்த இரண்டு தாளும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல.

இவை தனித்தனியாகவும் நிற்பதில்லை. அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் ஆண்டு அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் போனால் எஃப்.சி. உயிரோடு இருக்க வேண்டும், வரியும் காப்பீடும் சரியாக இருக்க வேண்டும். சலான் பாக்கி இருந்தால் அங்கேயும் இடிக்கும். எஃப்.சி. என்றால் கவுண்டரில் கொடுக்கும் தாளோடு முடிவதில்லை. பாடிக்குப் பெயிண்ட், ஒளிரும் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்று, பின்பக்கத் தடுப்புக் கம்பி, விளக்குகள் எல்லாம் சரிபார்த்து நிறுத்த வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். ஒன்றே வைத்திருப்பவருக்கு அது நின்றால் தொழிலே நிற்கிறது. அந்த நாளில் அவர் புரோக்கரிடம் போவதில் வியப்பில்லை. தளம் வீட்டிலிருந்தே செய்யும்படி அமைந்திருந்தாலும், எந்தத் தாள் எந்தத் தாளைத் தடுக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

ஐந்தாண்டு பர்மிட்டைப் புதுப்பிக்கும் கட்டத்தில் கடன் கொடுத்தவரும் உள்ளே வருகிறார். வண்டி கடனில் இருந்தால், 51-ஆம் பிரிவின்படி முதலில் அவரிடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். கேட்ட ஏழு நாளுக்குள் அவர் தர வேண்டும், அல்லது மறுக்கும் காரணத்தைச் சொல்ல வேண்டும். பர்மிட் விண்ணப்பமோ முடியும் தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ஒரு மாத டியூ தவறியிருந்தால் இந்த ஏழும் பதினைந்தும் எப்படி நெருக்கும் என்பது கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்குத் தெரியும்.

தவறினால் என்ன ஆகும்? 192ஏ பிரிவின்படி, பர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். 207-ஆம் பிரிவின்படி வண்டியைப் பிடித்து நிறுத்தலாம். ஆனால் இவற்றைவிடப் பெரிய அபாயம் விபத்தில் இருக்கிறது. 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பர்மிட் இல்லாமல் வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுவது காப்பீட்டின் அடிப்படை நிபந்தனையை மீறுவது என்று உறுதியாகச் சொன்னது. பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுக்கும், பின்னர் அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும். 2004-இன் சல்லா பாரதம்மா வழக்கிலும் இதே வழிதான் காட்டப்பட்டது. அடிபட்டவரின் குடும்பம் காத்திருக்கக் கூடாது என்ற வகையில் தீர்ப்பு நியாயமானது. ஆனால் லட்சக்கணக்கில் வரும் இழப்பீடு, ஒரு லாரியும் ஒரு வீடும் மட்டுமே சொத்தாக உள்ளவரிடம் திரும்பி வரும்போது என்ன மிஞ்சும்? முப்பத்தைந்தாயிரம் கட்டி எடுத்த காப்பீடு, 17,500 ரூபாய்த் தாள் காலாவதியானதால் அவரைக் காக்காமல் போகலாம். இந்தத் தொடர்பை ஆர்.டி.ஓ. அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன்.

இன்னொரு விதி சந்தை விலையையே தீர்மானிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88-ஆம் விதிப்படி, பன்னிரண்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு நேஷனல் பர்மிட் கிடையாது. இரண்டு அச்சுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பதினைந்து. ஓனர் டிரைவர்களில் பலர் புது வண்டி வாங்குவதில்லை. பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஏழெட்டு வருடம் ஓட்டித் தள்ளியதைக் கடனில் வாங்குகிறார்கள். நாம் மேலே பார்த்த 2017-இன் லாரிக்கு 2029 மார்ச்சோடு எல்லை மூடிவிடும். அதன் பிறகு அது லோக்கல் வண்டி: செங்கல், ஜல்லி, குறுந்தூர லோடு. கடன் முடிவதற்கு முன்பே வண்டியின் சம்பாதிக்கும் திறன் பாதியாகிவிடக் கூடும். வாங்கும்போது எஞ்சினையும் டயரையும் பார்ப்பதோடு, எல்லை தாண்ட இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விதிகள் சிறிய உரிமையாளரின் பக்கம் சாய்ந்த தருணங்களும் உண்டு. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2018-இல் நீங்கியது. தானே ஓட்டும் முதலாளிக்கு அது பெரிய ஆறுதல், ஆனாலும் ஓய்வில்லாமல் ஒருவரே இரவெல்லாம் ஓட்டும் ஆபத்தும் அதில் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. மறுபக்கம், வேறு மாநிலத்துக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி அதே மாநிலத்தின் இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது என்ற நிபந்தனை நிற்கிறது. நெல்லூரில் இறக்கிய வண்டிக்கு விஜயவாடா லோடு கிடைத்தாலும் ஏற்ற முடியாது, தமிழ்நாட்டுக்கு ரிட்டன் லோடு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் காலியாகத் திரும்ப வேண்டும்.

சரக்கைப் பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸின் நிலையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1865-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பொதுச் சரக்கு ஏற்றுநர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பதிவு பத்தாண்டு செல்லும். பார்ட்டியிடம் வாடகை பேசுவதும் கமிஷன் எடுப்பதும் அவர் கையில் இருக்க, பத்தாண்டுக்கொரு தாள் போதும். வாடகையில் சொல் இல்லாத வண்டிக்காரருக்கு ஆண்டுக்கு ஏழெட்டுக் கெடு. பொறுப்பும் அதிகாரமும் இப்படித் தலைகீழாகப் பிரிந்திருப்பதைச் சட்டம் செய்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு விதியும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காக வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே வண்டிக்காரரின் இடத்தில் நின்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டிப் பார்த்தால் திருத்தங்கள் எளிதாகவே தெரியும். முதலாவது, ஒரே தேதி. வண்டி பதிவான மாதத்தை எல்லா ஆண்டுத் தாள்களுக்கும் கெடு மாதமாக வைக்கலாம். முதலாண்டில் குறைநாளுக்கு விகிதப்படி கட்டி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிடலாம். எல்லாத் தரவும் ஏற்கனவே ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. இரண்டாவது, தூரம். நேஷனல் பர்மிட் வண்டிகளுக்கு 2019 அக்டோபர் 1 முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை முறை தாண்டியது என்ற பதிவு அதில் இருக்கிறது. அதை வைத்துக் கிலோமீட்டர் கணக்குக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வண்டியின் ஒவ்வொரு அசைவையும் அரசு தொடர்வதில் வேறு கேடுகள் உண்டு. ஆண்டுக்கு இத்தனை முறைக்குக் குறைவாக எல்லை தாண்டும் வண்டிக்கு ஒரு குறைந்த படி, அதுவும் உரிமையாளரே விரும்பிக் கேட்டால் மட்டும் என்று வைத்தால் போதும்.

மூன்றாவதற்குச் சட்டத்தைத் திருத்தவே வேண்டாம். 88-ஆம் பிரிவில் மேலொப்ப முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு மாநிலங்கள் உடன்பாடு செய்துகொண்டால் ஒன்றின் பர்மிட் மற்றதில் செல்லும். இந்த உடன்பாடுகள் வழக்கமாக எண்ணிக்கை வரம்போடும் அலுவலக நடையோடும் வருகின்றன. தமிழ்நாடும் ஆந்திரமும் உட்கார்ந்து, எல்லையின் இருபுறமும் நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு, எண்ணிக்கை வரம்பில்லாமல், காலாண்டு வரியோடு சேர்த்துக் கட்டும் ஒரு சிறு தொகையை நிர்ணயித்துத் தளத்தில் ஏற்றிவிடலாம். அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீசிட்டி மூன்றும் ஒரே தொழில் வட்டாரமாகவே இயங்குகின்றன. உதிரிபாகம் காலையில் ஒரு மாநிலத்தில் வார்க்கப்பட்டு மாலையில் இன்னொன்றில் பூட்டப்படுகிறது. இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் இதுவரை எண்ணிக்கைக்காகப் பேசியவை. அடுத்த உடன்பாட்டை இந்த வட்டாரத்தின் ஆறு சக்கர லாரியிலிருந்து பேசத் தொடங்கலாம்.